புகையிலையை விடுதல்: ஒரு போராட்டத்தின் வரலாறு



புகையிலை உலகெங்கும் பரவிய கதை பலரும் அறிந்ததே. 1492-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், கொலம்பஸின் கப்பல்களில் சென்ற மாலுமிகள் கியூபாத் தீவின் மக்கள் இலைச் சுருளைக் கொளுத்திப் புகையை உள்ளிழுப்பதைக் கண்டு வியந்தனர். அடுத்த நூறாண்டுகளுக்குள் அந்த இலை ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆசியா ஆகிய கண்டங்களுக்குச் சென்று சேர்ந்தது. இவை பள்ளிப் புத்தகங்களிலும் காணப்படும் செய்திகள். ஆனால் அந்த இலையைக் கைக்கொண்டவர்களுள் எத்தனை பேர் அதை விட முயன்றார்கள், விட முயன்றபோது என்ன துன்பம் அடைந்தார்கள், அத்துன்பத்துக்குக் காரணம் என்னவென்று மனிதகுலம் எப்போது கண்டுகொண்டது என்னும் வரலாறு அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. அதையே இன்று நாம் சிறிது ஆராய்வோம்.

இவ்வரலாற்றின் முதற்சாட்சி மிகப் பழையது. ஸ்பெயின் தேசத்துப் பாதிரியாரான பார்த்தலோமே தெ லாஸ் காஸாஸ் என்பவர் பதினாறாம் நூற்றாண்டில் எழுதிய இந்தியத் தீவுகளின் சரித்திரத்தில் ஒரு செய்தியைக் குறித்து வைத்திருக்கிறார். எஸ்பான்யோலாத் தீவில் குடியேறிய ஸ்பானியர் சிலர் இப்பழக்கத்துக்கு ஆட்பட்டிருந்தனராம். இது தீய பழக்கம் என்று கண்டித்தபோது, அதை விடுவது தங்கள் கையில் இல்லை என்று அவர்கள் விடை கூறினராம். பாதிரியாருக்கு அவ்விடை விளங்கவில்லை. அதில் என்ன சுவையையும் பயனையும் கண்டார்களோ என்று வியந்து, அவர் தம் சரித்திரத்தை மேலே எழுதிச் சென்றார்.

அந்த மனிதர்கள் பொய் சொன்னார்களா? சோம்பலை மறைக்கச் சாக்குச் சொன்னார்களா? அன்றித் தம் உடலில் நிகழ்ந்ததை உள்ளபடியே சொன்னார்களா? இக்கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்க நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதுவரை, விட முடியாதவனை உலகம் மனவுறுதி அற்றவன் என்றே எண்ணி வந்தது.

நம் நாட்டுக்குப் புகையிலையைக் கொண்டு வந்தவர்கள் போர்த்துக்கீசியர். மேற்குக் கடற்கரையில் இறங்கிய அது தக்காணத்தில் முதலில் வேரூன்றிற்று. அக்பர் சக்கரவர்த்தியின் அதிகாரிகளுள் ஒருவரான அஸத் பேக், பிஜப்பூருக்குத் தூது சென்று 1604-ஆம் ஆண்டையொட்டித் திரும்பியபோது, வட நாட்டில் தாம் கண்டிராத இப்பொருளை அங்கே கண்டார். அழகிய புகைக்குழாய் ஒன்றைச் செய்வித்து, அதற்கு இரத்தினங்கள் பதித்து, புகையிலையுடன் ஆக்ராவில் அரசர் முன் வைத்தார். அக்பர் வியப்புடன் இரண்டொரு முறை புகையை இழுத்தார். அரண்மனை வைத்தியர் அதைத் தடுத்தார். நம் முன்னோர் நூல்களில் சொல்லப்படாத பொருளைச் சோதித்துப் பாராமல் அரசர் எவ்வாறு உட்கொள்ளலாம் என்பது அவர் வாதம். உலகில் எந்த வழக்கமும் ஒரு காலத்தில் புதிதாக இருந்ததே என்பது அஸத் பேக்கின் மறுமொழி. அந்த மறுமொழியின் சாதுரியத்தைச் சக்கரவர்த்தி பாராட்டினார். எனினும் பழக்கத்தை மேற்கொள்ளவில்லை. பிரபுக்களோ மேற்கொண்டனர். வணிகர் விற்கத் தொடங்கினர். சில ஆண்டுகளுக்குள் அது எங்கும் பரவிவிட்டது.

அக்பரின் மைந்தர் ஜஹாங்கீர் 1617-ஆம் ஆண்டில் புகையிலையைத் தடை செய்து ஆணை பிறப்பித்தார். பாரசீகத்து ஷா அப்பாஸும் தம் நாட்டில் அவ்வாறே தடுத்திருப்பதாக அவர் தம் தினசரிதையில் எழுதுகிறார். அவ்விடத்திலேயே சுவையான ஒரு நிகழ்ச்சியையும் குறிப்பிடுகிறார். மொகலாயத் தூதராகப் பாரசீகத்துக்குச் சென்றிருந்த கான் ஆலம் என்னும் பிரபு ஓயாமல் புகைபிடிப்பவர். அவர் ஒரு கணமும் புகையிலை இன்றி இருக்க இயலாதவர் என்ற செய்தி ஷாவுக்கு எட்டியது. தடை விதித்த அந்த மன்னரே, நட்பின் பொருட்டு அத்தூதருக்கு விலக்களித்து, ஒரு சிறு கவிதையையும் எழுதி அனுப்பினார்.

இரு பேரரசர்களின் ஆணைகள் ஒருபுறம். ஒரு மனிதரின் உடல் வேட்கை மறுபுறம். விட்டுக்கொடுத்தது எது என்பதை ஜஹாங்கீரே எழுதி வைத்துவிட்டார். பிற நாடுகளிலும் இதுவே நிகழ்ந்தது. இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் மன்னர் 1604-இல் புகையிலையைக் கண்டித்துத் தாமே ஒரு பிரசுரம் எழுதி, அதன்மேல் பெருந்தீர்வையும் விதித்தார். துருக்கியின் நான்காம் முராத் சுல்தான் 1633-இல் புகைபிடிப்போருக்கு மரண தண்டனையே விதித்தார். அவ்விரு நாடுகளிலும் புகையிலை நிலைத்தது. ஆணைகளும் தண்டனைகளும் மறைந்தன.

ஆயினும் ஓரிடத்தில் மட்டும் மறுப்பு நிலைபெற்றது. 1699-ஆம் ஆண்டு குரு கோவிந்த சிங் கால்ஸா அமைப்பை நிறுவியபோது, அதில் சேர்ந்தோர் விலக்க வேண்டியவற்றுள் புகையிலையும் ஒன்றாயிற்று. இன்றளவும் அந்நெறி நிற்கிறது. தண்டனைக்கு அஞ்சியன்று, தன்னைச் சுற்றியுள்ள சமூகம் முழுவதும் ஒரே உறுதியில் நிற்பதனால் அங்குள்ள தனி மனிதனுக்குத் துணை கிடைக்கிறது. துணையின் வலிமை என்னும் இச்செய்தியை நேயர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறேன். பின்னர் மருத்துவ அறிஞர்களும் இதே முடிவுக்கு வந்தார்கள்.

தனி மனிதர் ஒருவரின் அனுபவத்தைப் பார்க்க விரும்பினால், மகாத்மா காந்தியின் சுயசரிதையை விடச் சிறந்த சாட்சி இல்லை. ராஜ்கோட்டையில் பள்ளிச் சிறுவராக இருந்தபோது, சிற்றப்பா பிடித்து எறிந்த சிகரெட்டுத் துண்டுகளை உறவினர் ஒருவருடன் பொறுக்கிப் புகைத்ததையும், பின்னர் சிகரெட்டு வாங்குவதற்காக வேலைக்காரரின் காசைத் திருடியதையும் அவர் ஒளியாமல் எழுதியிருக்கிறார். பெரியோர் அனுமதியின்றி எதையும் செய்ய முடியவில்லையே என்ற ஏக்கம் விபரீதமான எண்ணத்தில் கொண்டுபோய் விட்டதையும், அதிலிருந்து மீண்டபின் புகைப்பதையும் திருடுவதையும் கைவிட்டதையும் சொல்கிறார். வளர்ந்த பிறகு அவருக்கு அந்த ஆசையே எழவில்லை. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழக்கம் வேர்விடுவதற்கு முன்பே இளம்பருவத்தில் அவர் அதை அறுத்துவிட்டார். இருபது, முப்பது ஆண்டுகள் புகையிலையோடு வாழ்ந்தவரின் நிலை வேறு.

அந்நிலைக்கு நான் அறிந்த பெரியவர் ஒருவரை உதாரணமாகச் சொல்வேன். மூக்குப்பொடியில் மிகுந்த பற்றுடையவர். காசி யாத்திரை செல்வோர் தமக்குப் பிரியமான காயையும் கனியையும் அங்கே விட்டுவிட்டு வருவது வழக்கமல்லவா? அவர் காயும் கனியும் போதா என்று பொடியையும் கங்கைக் கரையில் விட்டார். பொடிமட்டையையே நீரில் எறிந்துவிட்டார். முதல் நாள் பொறுத்தார். இரண்டாம் நாள் உடன் வந்தவர்களிடம் காரணமின்றிச் சினந்தார். மூன்றாம் நாள், திரும்பும் வழியில் ஒரு ரயில் நிலையத்தில் யாரும் அறியாமல் இறங்கிப் பொடி வாங்கினார். அன்று முதல் தம் வாழ்நாள் முழுவதும், சங்கல்பத்தை முறித்த பாவி என்ற எண்ணத்துடன் ஒளிந்து ஒளிந்தே பொடி போட்டார். மறுமுறை விட முயலவே இல்லை. முயல்வதற்குத் தாம் தகுதியற்றவர் என்று அவர் முடிவு செய்துவிட்டார். அவருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. மூன்றாம் நாள் ஏன் அவ்வளவு கொடிதாக இருந்தது என்பதே அது.

அதை அறிய நாம் இரசாயன சாலைக்குள் செல்ல வேண்டும். 1828-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில், போஸ்ஸெல்ட் என்ற மருத்துவரும் ரைமான் என்ற இரசாயனரும் புகையிலையிலிருந்து அதன் சத்தைத் தனியே பிரித்தெடுத்தனர். 1560-ஐ ஒட்டிப் பிரெஞ்சு அரசவைக்குப் புகையிலையை அனுப்பிய ழான் நிக்கோ என்ற தூதரின் பெயரால் அது நிகோட்டின் என வழங்கலாயிற்று. அது ஒரு நஞ்சு என்பது உடனே தெரிந்துவிட்டது. ஆனால் மனிதனைப் பிணிக்கும் கயிறும் அதுவே என்பது தெளிவாக மேலும் நூறாண்டுகளுக்கு மேல் சென்றன.

1942-ஆம் ஆண்டில் லெனாக்ஸ் ஜான்ஸ்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், தமக்கும் தாமாக முன்வந்த 35 பேருக்கும் நிகோட்டினை ஊசி மூலம் செலுத்திப் பார்த்து, அதன் விளைவை லான்ஸெட் பத்திரிகையில் வெளியிட்டார். புகைபிடிப்போர் பெரும்பாலோருக்கு அந்த ஊசி இன்பமாக இருந்தது. போதிய அளவு செலுத்தியபின் சிறிது நேரத்துக்குச் சிகரெட்டில் நாட்டம் எழவில்லை. எண்பது ஊசிகள் போட்டபின் சிகரெட்டை விட ஊசியையே மனம் நாடிற்று. புகையின் மணமோ, விரலிடையே வைத்திருக்கும் ஒய்யாரமோ அன்று, உள்ளே செல்லும் மருந்துப் பொருளையே உடல் கேட்கிறது என்பது இதனால் விளங்கிற்று. எனினும் அன்றைய மருத்துவ உலகம் இதைப் பெரிதாகக் கருதவில்லை.

பின்னர் நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாகக் கூறுவோம். 1950-இல் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்டு ஹில் என்ற ஆங்கில அறிஞர்கள், நுரையீரல் புற்றுநோய்க்கும் சிகரெட்டுக்கும் உள்ள தொடர்பை மெய்ப்பித்தனர். அந்த ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே டால் தம் புகைப் பழக்கத்தைக் கைவிட்டார். 1964-இல் அமெரிக்க அரசாங்கத்தின் தலைமை மருத்துவர் வெளியிட்ட புகழ்பெற்ற அறிக்கை புகையின் தீமையை உறுதி செய்தது. ஆனால் அதிலும் புகைபிடித்தல் வெறும் வழக்கம் என்றே வகைப்படுத்தப்பட்டது. 1988-இல் வெளிவந்த மற்றோர் அறிக்கையே, நிகோட்டின் மனிதனை அடிமைப்படுத்தும் பொருள் என்றும், ஹெராயின், கொக்கெய்ன் ஆகியவை மனிதனைப் பிணிக்கும் முறையும் இது பிணிக்கும் முறையும் ஒத்தவை என்றும் தெளிவாகக் கூறிற்று. எஸ்பான்யோலாத் தீவின் ஸ்பானியர் சொன்ன விடையை விஞ்ஞானம் ஒப்புக்கொண்ட ஆண்டு அது என்று சொல்லலாம்.

இனி, உடலில் நிகழ்வது என்னவென்று காண்போம். இழுத்த புகையிலுள்ள நிகோட்டின் சில வினாடிகளில் மூளையை அடைந்து, நரம்பணுக்களின் மேலுள்ள ஏற்பிகளில் பொருந்துகிறது. அதனால் இன்ப உணர்வு பிறக்கிறது. நாள்தோறும் இவ்வாறு நிகழ நிகழ, அந்த ஏற்பிகளின் எண்ணிக்கை பெருகி, மூளை அப்பொருளுக்குத் தக்கவாறு தன்னை அமைத்துக்கொள்கிறது. இரத்தத்தில் அதன் அளவு ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். ஆகவேதான் புகைப்பவர் மீண்டும் மீண்டும் பெட்டியைத் தேடுகிறார்.

திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே உபாதைகள் தொடங்கும். எரிச்சல், சினம், மனக்கலக்கம், சோர்வு, கவனம் நில்லாமை, உறக்கமின்மை, மிகுந்த பசி என்பவை அவற்றுள் முக்கியமானவை. சிலருக்கு மலச்சிக்கலும் வாய்ப்புண்ணும் உண்டாகும். இவை இரண்டாம், மூன்றாம் நாட்களில் உச்சத்தை அடைந்து, பின்னர் மெல்லத் தணிந்து, பெரும்பாலோருக்கு மூன்று அல்லது நான்கு வாரங்களில் அடங்கிவிடுகின்றன. பசி மட்டும் இன்னும் சில வாரங்கள் நீடிக்கலாம். காசியிலிருந்து திரும்பிய பெரியவர் ரயில் நிலையத்தில் இறங்கியது சரியாக எந்த நாள் என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம். மலையின் உச்சியில் நின்றுகொண்டு, இனி எப்போதும் ஏற்றமே என்று எண்ணிவிட்டார் அவர். அடுத்த அடியிலிருந்து இறக்கம் என்று சொல்ல அருகில் ஒருவரும் இல்லை.

இந்த அறிவிலிருந்து ஒரு மருந்தும் பிறந்தது. 1967-ஆம் ஆண்டில், ஸ்வீடன் நாட்டின் லுண்ட் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் கிளாஸ் லுண்ட்கிரென், ஹெல்ஸிங்போரி நகரத்து மருந்து நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய ஓவெ ஃபெர்னோ என்ற நண்பருக்கு ஒரு யோசனையைத் தெரிவித்தார். நீர்மூழ்கிக் கப்பலில் புகைபிடிக்க இயலாத மாலுமிகள் மெல்லும் புகையிலைக்கு மாறி அமைதி அடைவதை அவர் கவனித்திருந்தார். அவ்வாறாயின், புகையின் கரியும் நச்சு வாயுவும் இன்றி நிகோட்டினை மட்டும் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பின் குறைத்துக்கொண்டே வரலாகாதா? தாமே பெரும் புகைப்பவராக இருந்த ஃபெர்னோ, பல ஆண்டு முயற்சிக்குப் பின் மெல்லும் பிசின் வடிவில் அம்மருந்தை உருவாக்கினார். 1978-இல் சுவிட்சர்லாந்து அதை மருந்தாக ஏற்றது. பின்னர் தோலில் ஒட்டும் பட்டைகளும் பிற மருந்துகளும் வந்தன. உலகச் சுகாதார நிறுவனம் 2009-இல் நிகோட்டின் மாற்று மருந்தை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டின் பட்டியலில் அது 2022-இல் இடம்பெற்றது.

நம் நாட்டின் பங்கு என்ன? 1977-இல் தொடங்கி, பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் அறிஞர்கள் கேரளத்தின் எர்ணாகுளம், குஜராத்தின் பவநகர், ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் ஆகிய மூன்று ஜில்லாக்களின் கிராமங்களில், புகையிலை பயன்படுத்தும் ஏறக்குறைய 36,000 பேரை வீடு வீடாகச் சென்று கண்டனர். ஸ்ரீகாகுளத்தில் பெண்கள் பலர் சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் வழக்கமுடையவர்கள். ஆண்டுதோறும் அம்மக்களின் வாயைப் பரிசோதித்து, தீமையை எடுத்துரைத்து, விடும்படி ஊக்கினர். 1986-இல் வெளியான ஐந்தாண்டு முடிவு, இவ்வாறு அறிவுரை பெற்றோரிடையே பழக்கத்தை விட்டவர்கள் அறிவுரை பெறாதவரிடையே விட்டவர்களினும் மிகுதி எனக் காட்டிற்று. எழுத்தறிவில்லாத கிராமத்து மக்களும், ஒருவர் வந்து அன்புடன் கேட்டால், நாற்பதாண்டுப் பழக்கத்தையும் கைவிட முடியும் என்பதற்கு இது சான்று.

அரசாங்கமும் வாளாவிருக்கவில்லை. 1975-ஆம் ஆண்டுச் சட்டம் சிகரெட்டுப் பெட்டிகளில் எச்சரிக்கை அச்சிடச் செய்தது. 2003-இல் விரிவான சட்டம் வந்தது. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைபிடித்தல் நாடெங்கும் கண்டிப்பாகத் தடுக்கப்பட்டது. ஜஹாங்கீரின் ஆணைக்கும் இதற்கும் ஒரு வேற்றுமை உண்டு. இம்முறை தடையோடு துணையும் வந்தது. 2002-இல் 13 இடங்களில் புகையிலையை விட உதவும் பிரிவுகள் தொடங்கின. 2016-இல் தில்லியின் வல்லபாய் பட்டேல் நெஞ்சக நிலையத்தில் தொலைபேசி ஆலோசனை தொடங்கிற்று. 1800-11-2356 என்ற அதன் இலவச எண் 2018 முதல் புகையிலைப் பெட்டிகளின் மேலேயே அச்சிடப்பட்டது. 2009-10-இல் நம் நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 34.6 பேர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்தினர். 2016-17-இல் அது 28.6 ஆகக் குறைந்தது.

இனி, விட எண்ணியுள்ள நேயர் எவரேனும் கேட்டுக்கொண்டிருந்தால், அவருக்குச் சில வார்த்தைகள். நாளை முன்னதாகவே குறித்துக்கொள்ளுங்கள். வீட்டிலும் அலுவலகத்திலும் இரண்டொருவரிடம் அதைச் சொல்லுங்கள். முதல் வாரத்தில் நீங்கள் சிடுசிடுக்கக்கூடும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். வேட்கை அலைபோல் எழும்; எழுந்த அலை சில நிமிஷங்களில் தானே விழும். அந்நிமிஷங்களில் நீர் அருந்துவதோ, எழுந்து சிறிது நடப்பதோ, நண்பருடன் பேசுவதோ போதும். வாய்க்கு ஏதேனும் வேண்டுமெனில் ஏலம், சோம்பு உண்டு. மற்றொன்றையும் அறிய வேண்டும். புகைபிடிப்போர் உடலில் காப்பியின் சத்து விரைவில் கரைந்துவிடும். புகையை நிறுத்தியதும் அது நெடுநேரம் தங்கும். ஆகவே வழக்கமான அளவு காப்பியே படபடப்பையும் உறக்கமின்மையையும் உண்டாக்கலாம். நான்கு தம்ளர் அருந்துபவர் இரண்டாகக் குறைத்துக்கொள்வது நலம். மருந்து வேண்டுவோர், முக்கியமாகக் கர்ப்பிணிகளும் இருதய நோயாளரும், மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

முதல் முயற்சியில் வென்றவர்கள் சிலரே என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. எவ்வித உதவியுமின்றித் தாமே விட முயல்வோரில் ஓராண்டு நிலைத்து நிற்பவர் நூற்றுக்கு ஐந்து பேருக்கு மேற்படுவதில்லை. நிகோட்டின் மாற்று மருந்து வெற்றியை ஏறக்குறைய ஒன்றரை மடங்காக்குகிறது. அறிவுரையும் சேர்ந்தால் பலன் இன்னும் மிகும். காலம் கடந்துவிட்டதே என்று கருதவும் வேண்டா. பிரிட்டிஷ் மருத்துவர்களை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த டால் குழுவினர் 2004-இல் வெளியிட்ட கணக்குப்படி, அறுபது வயதில் சிகரெட்டை விட்டவரும் சராசரியாக மூன்றாண்டு ஆயுளை மீட்கிறார். நாற்பதில் விட்டவர் ஒன்பதாண்டை மீட்கிறார்.

காசி சென்ற அந்தப் பெரியவர் இன்று இல்லை. அவர் இல்லத்தில் அவரைப்போலவே ஒருமுறை முயன்று தோற்று, வெட்கத்தால் பேசாதிருக்கும் மகனோ மருகரோ இருக்கலாம். நம் ஒவ்வொருவர் இல்லத்திலும் அப்படி ஒருவர் இருக்கலாம். அவர் இரண்டாம் முறை முயலும்போது, மூன்றாம் நாள் மாலையில், அவர் காரணமின்றிச் சினந்தால், நாம் சினவாதிருப்போம். அருகில் அமர்ந்து, நாளை முதல் இது குறையும் என்று சொல்வோம். அது ஆறுதலுக்காகச் சொல்லும் பொய்யன்று. நானூறு ஆண்டு அனுபவத்தில் மனிதன் கண்டறிந்த உண்மை.